சவளக்கடையும் கிட்டங்கித் தாம்போதியும்

ஓர் ஊரின் வரலாறு என்றதும் கோட்டை கொத்தளங்களையும் மன்னர் பெயர்களையும் தேடுவது பலருக்கு வழக்கம். இலங்கையின் கீழ்க்கரையில், கல்முனைக்கு மேற்கே உள்ள சவளக்கடை என்னும் சிற்றூரின் வரலாற்றை அறிய விரும்புவோர் வயலையும் வாய்க்காலையும் வழியில் மறிக்கும் வெள்ளத்தையுமே பார்த்தல் வேண்டும்.

மட்டக்களப்புப் பகுதி மக்கள் கடலையடுத்த நிலத்தை எழுவான்கரை என்றும், நீர்நிலைகளுக்கு அப்பாலுள்ள மேற்கு நிலத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவர். எழுவான்கரையில் மீன்பிடியும் வணிகமும் நெசவும் செழித்தன. படுவான்கரையில் நெல் விளைந்தது. கரையோரத்தில் வீடும் மேற்கே வயலும் உடையோர் பலராதலால், காலையில் மேற்கே சென்று மாலையில் கிழக்கே மீள்வது அவர்தம் வாழ்க்கைமுறையாயிற்று. சவளக்கடை அந்த வயல்நிலத்தின் ஊர்.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. தமிழர் பட்டிப்பளை ஆறு என அழைக்கும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து, சேனநாயக்க சமுத்திரம் என்னும் பெருங்குளம் கட்டப்பட்டது. மழையை மட்டும் நம்பியிருந்த பல வயல்கள் வாய்க்கால் நீரால் சிறுபோகமும் விளையும் நிலை எய்தின. 4ஆம் கொலனி, 12ஆம் கொலனி என எண்களையே பெயராகக் கொண்ட குடியேற்றங்களும் இவ்வட்டாரத்தில் எழுந்தன.

1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. இன்று சவளக்கடை அம்பாறை மாவட்டத்து நாவிதன்வெளிப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் பிரிவு இது. சொறிக்கல்முனையின் திருச்சிலுவைக் கோயிலும் இங்கேயே உள்ளது. வழிபாடு வேறாயினும் வாய்க்கால் ஒன்று. நெல்லின் விலை ஏறினும் இறங்கினும் அது எல்லோர் முற்றத்தையும் தொடும்.

வயலுக்கு வாழ்வளிக்கும் நீரே வழியையும் அடைப்பது இவ்வூர்ப் பகுதியின் விதி. கல்முனைக்குச் செல்லும் பாதையில் உள்ளது கிட்டங்கித் தாம்போதி. வடகீழ்ப் பருவமழை வலுக்கும்போது வெள்ளம் அதன்மேற் பாய்வதுண்டு. அப்பொழுது மாணவர், ஆசிரியர், நோயாளர், கூலியாட்கள் யாவரும் தோணியையோ உழவு இயந்திரத்தையோ நாடுவர். அல்லது நெடுந்தூரம் சுற்றிச் செல்வர்.

இதனை வெறும் அசௌகரியம் என்று கொள்ளலாகாது. 2024 நவம்பரில் அண்மையிலுள்ள மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரமொன்றை அடித்துச் சென்றபோது, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்கள் உயிரிழந்தனர். கிட்டங்கியில் உயர்ந்த பாலம் வேண்டும் என்னும் நெடுநாட் கோரிக்கையின் பொருள் இத்தகைய நாளிலேதான் முற்றாக விளங்கும்.

ஆற்றைத் தேக்கி வயலுக்குத் திருப்பிய காலத்தைச் சவளக்கடை கண்டது. பெருகும் நீரைக் கீழே ஓடவிட்டு, மனிதர் அச்சமின்றி மேலே நடக்கும் காலமும் அதன் வரலாற்றில் இடம்பெற வேண்டும்.