கேட்காவ் ரயிலுக்கு யார் வருகிறீர்கள்?



புனேத் தமிழ்ச் சொந்தங்களின் இந்தக் கூட்டத்தில் மனத்தாழ்மையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அழைப்பிதழில் என் பேரை மூன்றாவது வரியில் போட்டபோதே புரிந்துவிட்டது! சிரிக்காதீங்க. முதல் வரிக்கு நடந்த சண்டையை நான் சொல்ல ஆரம்பித்தால் கூட்டம் இன்றைக்கு முடியாது.

இந்த மண்டபத்தில் ஒருவர் இருக்கிறார். பேரைச் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனவர். காலையில் சசூன் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பார். மராத்தி தெரியாமல் நம்ம ஊர்க்காரன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தால், “வாப்பா” என்று கூட்டிப் போவார். நீ எந்த ஜாதி, எந்தச் சபை என்று கேட்டதே கிடையாது. அவரை விடுங்க, அப்புறம் வருகிறேன்.

நம்ம புனேயில் ஒரு அம்மா வாழ்ந்தார், பண்டித ரமாபாய். சமஸ்கிருதம் கரைத்துக் குடித்தவர். தெற்கே பஞ்சம் அடித்த காலத்தில் ஊர் ஊராக நடந்த குடும்பம். அப்பா, அம்மா, அக்கா எல்லாரையும் பசிக்கும் நோய்க்கும் கொடுத்தவர். கல்கத்தாப் பண்டிதர்கள் கூடி அவருக்கு ‘சரஸ்வதி’ என்று பட்டம் கொடுத்தார்கள். 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் எடுத்தார். எடுத்த பிறகு சும்மா இருந்தாரா? அங்கே இருந்த கன்னியாஸ்திரீ அம்மாக்கள் “சொன்னதை நம்பு” என்றால், “எனக்கும் மனசாட்சி இருக்கிறது” என்று கடிதம் கடிதமாக எழுதினார். இதையும் தாழ்மை என்றுதான் நான் சொல்வேன். நம்மில் சிலர் தாழ்மை என்றால் பெரிய இடத்தைப் பார்த்து முதுகு வளைப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் என்று கேட்காதீங்க, அவர்களே இப்போது செருமுகிறார்கள்!

ரமாபாய் அம்மா விதவைப் பெண்களுக்கு சாரதா சதன் என்று பள்ளிக்கூடம் வைத்தார். 1889-இல் பம்பாயில் தொடங்கி, அடுத்த வருஷமே புனேக்குக் கொண்டுவந்தார். யாரையும் மதம் மாறு என்று சொல்வதில்லை, அவரவர் வழக்கம் அவரவருக்கு. ஆனால் தான் ஜெபம் பண்ணும்போது அறைக் கதவைச் சாத்த மாட்டேன் என்றார். அவ்வளவுதான் விஷயம். பிள்ளைகள் தாங்களாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மதம் மாற்றுகிறார் என்று 1893-இல் ஊரே கொதித்தது. கேசரி பத்திரிகை எதிர்த்து எழுதியது, சீர்திருத்தம் பேசிய ரானடே மாதிரிப் பெரியவர்களே ஆலோசனைக் குழுவை விட்டு விலகினார்கள், பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். அந்தக் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது, நம்பி அனுப்பியவர்களின் பயம் அது. அந்த அம்மாவோ கதவையும் சாத்தவில்லை, பள்ளிக்கூடத்தையும் மூடவில்லை.

அந்த அம்மா அப்படி. இங்கே ஒருத்தர் பத்துக் கிலோ அரிசி கொடுத்தார். போட்டோவில் பதினாலு பேர்! அரிசி வாங்கின கிழவியைத்தான் காணோம், மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் யாரையும் குறிப்பிடவில்லை. கை தட்டுகிறவர்கள் அந்த போட்டோவில் இருந்தீர்களா என்று வீட்டுக்குப் போய் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே விட்டேன்? ரமாபாய் அம்மாவிடம். அடுத்தது கேட்காவ். இங்கிருந்து தவுண்ட் போகிற ரயில் பாதையில் இருக்கிற ஊர். அங்கே அம்மா பழத்தோட்டம் போட நிலம் வாங்கியிருந்தார். 1896-97-இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம். பசி என்றால் என்னவென்று தெரிந்த அம்மா அல்லவா, ஓடினார். முந்நூறு பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்து அந்த நிலத்தில் குடிவைத்தார். 1900 குஜராத் பஞ்சத்துக்குப் பிறகு ரெண்டாயிரம் பேர் என்கிறார்கள், கூடக்குறைய இருக்கட்டும், நம்ம வீட்டில் ரெண்டு விருந்தாளி வந்தால் மூஞ்சி போகிற போக்கு எனக்குத் தெரியும்! கண் தெரியாதவர்களுக்குத் தனி இல்லம். ஊர் ஒதுக்கிய பெண்களுக்குத் தனி இல்லம். முக்தி என்று பேர் வைத்தார்.

எபிரேயமும் கிரேக்கமும் படித்து, முழு வேதாகமத்தையும் கிராமத்துப் பெண்ணுக்கு விளங்குகிற மராத்தியில் எழுதினார். எழுத்துக் கோத்ததும் அச்சடித்ததும் முக்தியின் பெண்கள்தான். 1919-இல் சர்க்கார் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. நம்மாளுக்குக் கிடைத்திருந்தால் கட்கி முழுக்க ஃப்ளெக்ஸ்! 1921-இல் ஒரே மகள் மனோரமா போய்விட்டாள். அம்மா திருத்தும் பிரதியைக் கீழே வைக்கவில்லை. மொழிபெயர்ப்பை முடித்த கையோடு 1922 ஏப்ரல் 5 அன்று கண்மூடினார்.

நான் சொன்னேனே, ஆஸ்பத்திரி வாசல் பெரியவர், அவரிடம் “ரமாபாயைத் தெரியுமா?” என்று கேட்டேன். “தெரியாதுங்க ஐயா, எந்த வார்டு?” என்றார்! தட்டுங்க, நல்லாத் தட்டுங்க, அவர் தலையைக் குனிந்துகொள்வார், அப்போதும் யாரென்று உங்களுக்குத் தெரியாது.

சீட்டு அனுப்பிவிட்டார்கள், முடிக்கிறேன். முக்தி இன்றைக்கும் நடக்கிறது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேட்காவ் ரயில் ஏறுகிறேன். பேனர் கிடையாது, போட்டோ கிடையாது, டிக்கெட் அவரவர் எடுக்க வேண்டும். யார் யார் வருகிறீர்கள்? கை தூக்குங்கள். மேடையில் இருக்கிறவர்களும்தான்!