நாளும் ஒரு நாழிகை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. இன்று இடுப்பைப் பற்றிப் பேச வந்துள்ளோம், பொறுத்தருள வேண்டுகின்றோம். நாற்காலியிலேயே நாளைக் கழிப்போர் இக்குடியிருப்பில் பலர். ஆதலின் இப்பேச்சுக்கும் இங்கே இடமுண்டு எனத் துணிந்தோம்.

சென்ற ஆண்டுத் தை மாதம். தில்லிக் குளிரில், ஒரு விடியற்காலையில், நீர் நிறைந்த வாளியைக் குனிந்து தூக்கினோம். இடுப்பில் ஏதோ தெறித்தது. மாலைக்குள், வலப்புட்டத்திலிருந்து கணுக்கால் வரை பழுக்கக் காய்ச்சிய கம்பியை இழுத்தாற்போன்ற வலி. இருமினாலும் வலி; செருப்பணியக் குனிந்தாலும் வலி. நாற்காலியில் பத்து நிமிடம் அமர இயலவில்லை.

வைகாசியில் தஞ்சையில் எம் அன்னையாருக்கு எண்பது வயது நிறைவு. தில்லியிலிருந்து சென்னைக்கே ஏறத்தாழ ஒன்றரை நாள் ரயில் பயணம். பத்து நிமிடம் அமர இயலாதவர் அவர்முன் சென்று நிற்பது எங்ஙனம்? வலியினும் இவ்வெண்ணமே எம்மை வாட்டியது.

மருத்துவர் விளக்கினார். முதுகெலும்பின் முள்ளெலும்புகளிடையே 23 வட்டுகள் உள்ளன. அவற்றின் புறம் நார், அகம் கூழ். கொழுக்கட்டையை ஒருபுறம் அழுத்தினால் மறுபுறம் பூரணம் பிதுங்குமன்றோ? அவ்வாறே கீழ்வட்டு ஒன்று பிதுங்கி, நரம்பின் வேரை நெருக்கியிருந்தது. அவ்விடத்து வேர்கள் ஒன்றுகூடித்தான், உடலிலேயே மிகத் தடித்த நரம்பாகிக் காலுக்கு இறங்குகின்றன. குற்றம் இடுப்பில், தண்டனை காலுக்கு!

"அறுவை வேண்டுமோ?" என்று அஞ்சி வினவினோம். "பெரும்பாலோர்க்கு வேண்டுவதில்லை. பிதுங்கியதை உடலே பல வேளைகளில் சிறுகச் சிறுகக் கரைத்துவிடும். ஆனால், படுத்தே கிடக்காதீர்கள்" என்றார்.

இல்லத்தாரும் அண்டை வீட்டாருமோ அன்பின் மிகுதியால் எம்மைக் கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை. முன்னாளில் மருத்துவர்களும் நெடுநாட் படுக்கையை விதித்ததுண்டு. 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, முதுகுவலிக்கு ஏழு நாள் படுக்கை இரண்டு நாள் படுக்கையைக் காட்டிலும் மிகுந்த நலம் எதையும் தரவில்லை எனக் காட்டியது.

இயன்முறை மருத்துவ அம்மையார் ஒருவர் எமக்குக் கற்பித்தவை எளியவை. பாயில் குப்புறப் படுத்தல். முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்தல். பின்னர் உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பு தரையிலிருக்க, மேலுடலை நிமிர்த்தல். ஒவ்வொரு தடவையும் பத்து முறை. வலி காலைவிட்டு இடுப்பை நோக்கி ஏறினால் நற்குறி. காலில் மேலும் இறங்கினால் உடனே நிறுத்தவேண்டும். எல்லார்க்கும் ஒரே பயிற்சி பொருந்தாது; அறிந்தவரிடம் கேட்டே தொடங்குக. இவற்றோடு நடையும் சேர்ந்தது. முதல் நாள் 5 நிமிடம்; மூன்றாம் திங்களில் 40 நிமிடம்.

ஒரு பிழையையும் ஒப்புக்கொள்கின்றோம். மூன்றாம் வாரம் வலி குறைந்தது. குணமாகிவிட்டதென நான்கு நாள் பயிற்சியை விட்டோம்; ஒரு பெட்டியையும் தூக்கினோம். வலி திரும்பியது. நோயுற்ற நாளில் எவரும் பயிற்சியை மறப்பதில்லை. நலமான நாளில்தான் மறக்கின்றோம். அன்று முதல் விடியலில் ஒரு நாழிகை பயிற்சிக்கென்றே ஆயிற்று.

ஓர் எச்சரிக்கை. சிறுநீரும் மலமும் கட்டுக்கடங்காமற்போனாலோ, சிறுநீர் கழிக்க இயலாமற்போனாலோ, தொடைகளினிடையே மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்து வந்தாலோ, பயிற்சியை நம்பிக் காத்திராதீர்கள். அக்கணமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வைகாசியில் ரயிலேறினோம். மணிக்கொரு முறை எழுந்து பெட்டிக்குள் நடந்தோம். தஞ்சையில் அன்னையாரின் காலில் விழுந்து வணங்கினோம். எழுவதற்கு எவர் கையும் வேண்டியிருக்கவில்லை. இன்று விடியலிலும் பாயை விரித்துவிட்டே இம்மேடைக்கு வந்தோம்.