உப்புப் பாதையும் குற்றப் பதிவேடும்

  

1. வழக்கு

சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பதிந்த குற்றப்பரம்பரைச் சட்டம் ஏன் வந்தது? ‘குற்றம் பிறப்பிலேயே வருகிறது என்று வெள்ளையர் நம்பினர், அதனால் சட்டம் போட்டனர்’ என்பது துறை நண்பர்கள் பலரின் விடை. அப்படியொரு நம்பிக்கை இருந்ததை நான் மறுத்ததில்லை. ஆனால் 1871இல் வடக்கே வந்த சட்டம் சென்னை மாகாணத்தை எட்டியது 1911இல். நம்பிக்கையே போதுமென்றால் நாற்பது ஆண்டுத் தாமதம் எதற்கு? இடையில் இங்கே யாருடைய பிழைப்பு போயிற்று என்று கேட்டால்தான் வழக்குத் தீரும்.

2. உப்புக் குறவர்

கிழக்குக் கரை அளங்களில் உப்பை வாங்கி, மாட்டிலும் கழுதையிலும் பொதி ஏற்றி, உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்று, பின்னர் அந்தப் பிழைப்பை இழந்தவர்கள் உப்புக் குறவர். உப்புக்கு மாற்றாகத் தானியம் வாங்குவார்கள். அதை வேறோர் ஊரில் விற்பார்கள். வண்டித் தடமில்லாத ஊருக்கும் பொதிமாடு போகும். 1805இல் உப்பைத் தன் ஏகபோகமாக்கிய கிழக்கிந்தியக் கும்பினிக்கும் இவர்கள் கால்நடை தேவைப்பட்டது. அன்று இவர்களின் அலைச்சல் யார் கண்ணையும் உறுத்தவில்லை.

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நிலையத்துக்கு ரயில் ஓடியது. பாதை நீள நீள உப்பு மூட்டை ரயிலேறியது. மொத்த வியாபாரி ரயிலடியில் கிடங்கு போட்டான். பொதிமாட்டுக்கு மிஞ்சியவை ரயில் எட்டாத ஊர்கள். 1876-78 பஞ்சத்தில் மாடுகள் மாண்டன, மாற்றுக்கு வாங்கத் தானியமும் இல்லை. 1882ஆம் ஆண்டு வனச் சட்டம் மேய்ச்சலை மறித்தது. கூடை முடைய மூங்கில் வெட்டுவதும் குற்றமாயிற்று. உப்பு, மாடு, மூங்கில் மூன்றும் கைவிட்டுப் போனபின் எஞ்சியது நடை ஒன்றுதான். சரக்கோடு நடந்தவரை வணிகர் என்ற அரசு, வெறுங்கையோடு நடந்தவரைத் திருடர் என்றது.

‘நெசவாளரும்தான் நொடித்தார், அவரைக் குற்றப்பரம்பரை என்றார்களா?’ என்று நண்பர் ஒருவர் பல கருத்தரங்குகளில் மடக்கியிருக்கிறார். நல்ல கேள்வி. நெசவாளர் ஊரில் இருந்தார்; வீடும் வரியும் கணக்கில் இருந்தன. இவர்களோ எந்த ஊர்க் கணக்கிலும் இல்லை. பரிந்து பேச மிராசுதாரும் இல்லை. பிழைப்பைப் பறித்தது பொருளாதாரம். பறிகொடுத்தவர்களில் எவரைக் குற்றவாளியாக்குவது என்று தீர்மானித்தது அரசியல். பிறவிக் குற்றம் என்ற கோட்பாடு அந்தத் தீர்மானத்துக்குக் கிடைத்த முத்திரை.

3. தண்டனையும் கூலியும்

1911ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு, கைரேகை, ஆஜர், குடியிருப்பு என இவர்களைக் கட்டிப்போட்டது. 1913இல் அன்றைய குண்டூர் மாவட்டத்தில் இரட்சணிய சேனை என்ற கிறித்தவ அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்ட ஸ்டூவர்ட்புரம் குடியிருப்பு ஒரு சான்று. அங்கிருந்தவர்களின் உழைப்பு சீராலா புகையிலை ஆலைக்குப் போனது. திருத்துவதாகச் சொன்ன இடம் கூலியாளையும் தந்தது.

4. இனி

1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது. 1948இலேயே வழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்தது. எந்தப் பெயர்கள் பழைய பதிவேட்டிலிருந்து புதியதற்கு மாறின என்பதை மாவட்டந்தோறும் பார்க்க வேண்டும். ரயில் சரக்குக் கணக்கையும் தண்டனைப் புள்ளிவிவரத்தையும் தாலுகாவாரியாக ஒப்பிட வேண்டும். தானிய விலை, சிறைப் பதிவேடு, குடியிருப்புப் பெண்களின் கூலி ஆகியவையும் தனித்தனி ஆய்வுக்குரியவை. மறுப்புடைய நண்பர்கள் உப்பு இலாகா ஆவணங்களைப் படித்துவிட்டு மறுக்கட்டும்.