பேகனின் போர்வையும் குஞ்சின் இரையும்



பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களும் கடையெழு வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்டிருக்கின்றன. பேருந்து ஒவ்வொரு முறை திரும்பும்போதும் இலக்கியத்தில் ஒரு பக்கம் புரள்கிறது. அவ்வள்ளல்கள் எழுவருள் பேகனும் ஒருவன். குளிரில் நடுங்கியதாகத் தோன்றிய மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்தவன் அவன். மயிலுக்குப் போர்வை பயன்படாது என்பதை அவன் அறிந்தே கொடுத்தான் என்பது பரணர் தரும் விளக்கம். கைம்மாறு கருதாத கொடைக்கு அதுவே இலக்கணமாயிற்று.

ஆயினும் அக்கதையில் கேட்கப்படாமல் நின்றுவிட்ட கேள்வி ஒன்று உண்டு. குளிரில் வாழும் பறவைக்கு உண்மையில் வேண்டுவது என்ன? சிறப்பாக, கண் திறவாத அதன் குஞ்சுக்கு வேண்டுவது என்ன? ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இக்கேள்வியின் பின்னே அலைந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றைக் கவிஞர்கள் அறிந்திருப்பது நன்று.

ஏலகிரியை உள்ளடக்கிய கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் ஆண்டுதோறும் மழைக்கால முடிவில் ஒரு சின்னஞ்சிறு விருந்தாளி வருகிறது. இலைக்கதிர்க்குருவி என்பது அதன் பெயர். நிறம் இலையின் நிறம். எடை பத்துக் கிராமுக்கும் குறைவு. இலையடியில் ஒளிந்திருக்கும் சிறு பூச்சிகளே அதன் உணவு. சித்திரை வெயில் ஏறும்போது அது வடக்கே புறப்பட்டுவிடுகிறது. இமயத்தின் உயர்ந்த சரிவுகளிலும் அதற்கப்பாலுள்ள குளிர்நாடுகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. டிரெவர் பிரைஸ் என்னும் ஆய்வாளர் ஆந்திரத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலையில் பறவைகளின் பருவ வருகையை ஆராய்ந்து 1979இல் கட்டுரை வெளியிட்டார். பின்னர் மதுசூதன் கட்டி என்பவர் அவருடன் சேர்ந்து, தென்னாட்டில் குளிர்காலம் கழிக்கும் இப்பறவையின் உடற்கொழுப்பு ஆண்டுக்கு ஆண்டு எவ்வாறு மாறுகிறது என்பதை 1999இல் எழுதினார். வழிப்பயணத்துக்கு வேண்டும் கட்டுச்சோறு அக்கொழுப்புத்தான். அதன் முதற்பிடியைத் தருபவை தென்னாட்டு மரங்களின் பூச்சிகள்.

கூட்டில் நடப்பதை இனிக் காண்போர்க்கு வியப்பும் துயரும் ஒருங்கே தோன்றும். பாடும் சிறு பறவைகளின் குஞ்சு பொரிந்த நாளில் இறகில்லை, பார்வையில்லை. தன் உடலின் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலும் இல்லை. முதற் சில நாள்களுக்குத் தாயின் வயிறே அதற்குப் போர்வை. ஆனால் தாய் கூட்டில் அமர்ந்திருந்தால் இரை தேட இயலாது. இரை தேடிப் போனால் குஞ்சு குளிர்ந்துபோகும். குளிர் மிகும் நாளில் குஞ்சுக்கு வெப்பமும் உணவும் மிகுதியாக வேண்டும். அதே நாளில்தான் பூச்சிகள் விறைத்துப் பறக்காமல் ஒடுங்கிவிடுகின்றன. போர்வையா, இரையா என்னும் இந்த இக்கட்டுத்தான் குளிர்நாட்டுக் கூட்டின் நாடகம்.

அமெரிக்காவின் இதாகா நகரையடுத்து மரத் தகைவிலான்களைப் பல்லாண்டுகள் கவனித்த டேவிட் விங்க்ளர் குழுவினர் இந்நாடகத்துக்கு ஓர் எல்லைக்கோடு வரைந்தனர். பகலின் உச்ச வெப்பம் ஏறத்தாழ 18.5 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும் நாள்களில் பறக்கும் பூச்சிகள் சட்டெனக் குறைகின்றன என்பது 2013இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. அத்தகைய நாள்கள் அடுத்தடுத்து வந்தால் குஞ்சுகள் கூட்டிலேயே மடிகின்றன.

குஞ்சுக்கு என்ன ஊட்டப்படுகிறது என்பதை அறிவது எளிதன்று. பீகாரின் பூசாவில் பணியாற்றிய மேசனும் மாக்ஸ்வெல் லெஃப்ராயும் இந்தியப் பறவைகளின் உணவு பற்றி 1912இல் பெருநூல் ஒன்று வெளியிட்டனர். உழவர்க்கு நன்மை செய்யும் பறவை எது, தீமை செய்வது எது எனக் காண்பது அவர்கள் நோக்கம். கொல்லப்பட்ட பறவைகளின் இரைப்பையைக் கிழித்துப் பார்ப்பதே அன்றைய வழி. பின்னர் குஞ்சின் கழுத்தில் மெல்லிய கட்டு ஒன்றைச் சிறிது நேரம் இட்டு, விழுங்க முடியாத இரையை எடுத்துப் பார்க்கும் முறை வந்தது. கட்டுச் சற்று இறுகினாலும் குஞ்சுக்கு ஊறு நேரும். அதன்பின் கூட்டருகே நிழற்படக் கருவிகள் அமர்ந்தன. பெரிய புழுவைக் கருவி காட்டும். அலகுக்குள் உருண்டையாகத் திரண்ட சிற்றீக்களைக் காட்டாது. இன்றோ குஞ்சின் எச்சத்தில் எஞ்சிய மரபணுத் துணுக்குகளே, உண்ட பூச்சி எது என்று சொல்லிவிடுகின்றன. எத்தனை உண்டது என்பதை அவை அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. கொன்று அறிந்த காலம் போய், எச்சத்தைப் பொறுக்கி அறியும் காலம் வந்திருப்பது அறிவு மட்டுமன்று, அருளும் வளர்ந்ததன் அடையாளம்.

இவ்வழிகளில் கிடைத்த செய்திகள் தாய்ப்பறவையின் நுண்ணறிவைக் காட்டுகின்றன. பட்டாணிக்குருவி இனங்கள் புழுக்களையே மிகுதியாக ஊட்டினும், குஞ்சு மிக இளையதாக இருக்கும் நாள்களில் சிலந்திகளைத் தேடிக் கொணர்கின்றன. சிலந்தியில் டாரின் என்னும் சத்து மிகுதி. அச்சத்தைக் கூடுதலாகப் பெற்ற நீலப் பட்டாணிக்குருவிக் குஞ்சுகள் பின்னாளில் துணிவும் இடமறியும் திறனும் மிக்கவையாக இருந்தன எனக் கேத்ரின் ஆர்னால்டு குழுவினர் 2007இல் காட்டினர். நீரில் பிறக்கும் பூச்சிகளில் உள்ள ஒருவகைக் கொழுப்பு தகைவிலான் குஞ்சுகளுக்கு உணவின் அளவைவிட இன்றியமையாதது என்பது 2016இல் வெளியான மற்றோர் ஆய்வின் முடிவு. வயிறு நிறைந்தால் போதாது. எதனால் நிறைந்தது என்பதும் பொருட்டே.

தானியம் தின்னும் பறவைகளுக்கும் இது பொருந்தும். வீட்டில் உலைக்கு வைத்திருந்த அரிசியைச் சிட்டுக்குருவிகளுக்கு இறைத்த பாரதியாரின் கதை தமிழ்நாடு அறிந்தது. தாய்க்குருவி அந்த அரிசியை உண்ணும். ஆனால் குஞ்சின் வாயில் வைப்பது பெரும்பாலும் புழுவையும் பூச்சியையுமே. முற்றத்தில் நெற்கதிர் தொங்கவிடுவது நற்செயல். அதே முற்றத்துச் செடியில் பூச்சிமருந்தை அடிப்பவர் ஒரு கையால் தந்ததை மறுகையால் பறிக்கிறார்.

இனிக் காலத்தின் கணக்கு. நெதர்லாந்தின் காடுகளில் குஞ்சு பொரிக்கும் கருப்புவெள்ளை ஈப்பிடிப்பான் குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழிக்கிறது. வடக்கே இளவேனில் முன்கூட்டி வெம்மையுற, புழுக்கள் முன்னரே தோன்றி முன்னரே மறையத் தொடங்கின. தொலைவிலிருக்கும் பறவைக்கு இச்செய்தி எட்டவில்லை. அது வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும்போது பந்தி முடிந்திருந்தது. புழுக்காலம் மிக முந்திய இடங்களில் இருபதாண்டுகளில் இப்பறவைகள் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தன எனக் கிறிஸ்தியான் போத் குழுவினர் 2006இல் அறிவித்தனர். மாறாக, வெம்மையை நம்பி முந்தி முட்டையிட்ட தகைவிலான்களின் குஞ்சுகள் திடீர்க் குளிருக்கு இரையாகின்றன என்று 2020இல் மற்றோர் ஆய்வு கூறிற்று. பிந்தினால் பசி, முந்தினால் குளிர். பருவத்தைக் குலைத்த மனிதன் இவ்விரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியைச் சுருக்கிவிட்டான்.

தமிழ்க் கவிதையில் பறவை பெரும்பாலும் பாடுகிறது, தூது போகிறது, விடுதலைக்கு உவமையாகிறது. குஞ்சு பொரித்த பறவைக்குப் பாட நேரமில்லை. அதன் அலகு நிறைய இரை இருக்கிறது. ஒரு நாளில் பல நூறு முறை கூட்டுக்கும் கிளைக்கும் இடையே அது பறக்கிறது. அந்த உழைப்பைக் கண்ட கண்ணுக்குப் பூச்சி அரித்த இலை அழகற்ற இலையாகத் தோன்றாது. யாரோ ஒரு குஞ்சு பசியாறிய இலமாக அது தோன்றும்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய அவைக்கு ஏலகிரி தரும் பாடம் இதுவே. பேகனின் உள்ளம் பெரிது. அவ்வுள்ளத்தோடு அறிவும் சேர்ந்தால் அருள் முழுமை பெறும். இவ்வளைவுகளில் இறங்கிச் செல்லும் கவிஞர்கள் இலைகளுக்கிடையே ஒரு பச்சைத் துளி அசைவதைக் கண்டால், அதன் பெயரைச் சொல்லி அழைக்கக் கற்றுக்கொள்ளட்டும். அது இமயத்தில் விரியவிருக்கும் ஒரு வாய்க்காக இங்கே உண்டுகொண்டிருக்கிறது.