அறுந்த இழையை அப்போதே பிணையுங்கள்



இன்று ஆகஸ்ட் 7. தேசியக் கைத்தறி நாள். 1905-ல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் பிறந்த நாளை நினைவில் வைத்து, 2015 முதல் கொண்டாடி வருகிறோம். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் பெருமையை எனக்கு முன் பேசியவர்கள் அழகாகச் சொன்னார்கள். நான் அந்தப் பட்டை நெய்கிற உடம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என் அப்பா நாற்பது ஆண்டு குழித்தறியில் உட்கார்ந்தவர். சாயங்காலம் அவர் தறியை விட்டு எழுகிற காட்சி இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு உள்ளங்கைகளையும் பலகையில் ஊன்றுவார். ஒரு காலைக் குழியிலிருந்து எடுத்து மேலே வைப்பார். மற்றக் காலைக் கையால் தூக்கி வைப்பார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு நிமிரும்வரை மூச்சை அடக்கி நிற்பார். சொம்புத் தண்ணீரோடு நான் பக்கத்தில் காத்திருப்பேன். நிமிர்ந்த பிறகுதான் வாங்கிக் குடிப்பார். அதை நோய் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. "தறிக்காரன் இடுப்பு அப்படித்தான்" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான் இன்று நான் பேசுகிறேன்.

உடற்பயிற்சி என்று சொன்னாலே நம் தெருவில் ஒரு கேள்வி எழும். "காலையிலிருந்து ராத்திரிவரை மிதிக்கிறோம், நாடா தள்ளுகிறோம். இதற்கு மேல் என்ன பயிற்சி?" நியாயமான கேள்வி. ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. தறியில் கால் மிதிக்கிறது, கை ஓடுகிறது. முதுகு மட்டும் வளைந்தபடி அப்படியே இருக்கிறது. ஒரே தசை தேய்கிறது, இன்னொரு தசை தூங்குகிறது. மூச்சு வாங்கி இதயம் வேகமாக அடிக்கும் அளவுக்கு அசைவும் இல்லை. உழைப்பு உடம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பயிற்சி, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது.

லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே பேருந்தில், ஒரே ஊரில் வேலை பார்ப்பவர்கள். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடத்துநர் சீட்டுக் கிழித்துக்கொண்டு நாளுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கினார். 1953-ல் முடிவு வெளியானது. நடத்துநர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவு. ஓட்டுநர் சோம்பேறியா? இல்லை. அவரும் வியர்வை சிந்தி உழைத்தவர்தான். உட்கார்ந்து உழைத்தார், அவ்வளவுதான். நாமும் உட்கார்ந்து உழைக்கிறவர்கள்.

முன்பு நம் தெருக்களில் விடியற்காலையில் தறிக்கான பாவு நூலை நீட்டுவோம். வீட்டில் எல்லோரும் அந்த நீளத்துக்கு நடப்போம், குனிவோம், நிமிர்வோம். காலை வெயிலும் மேலே படும். பாவு ஓட்ட இயந்திரம் வந்தது, வேலை சுலபமானது. அது நல்லதுதான். ஆனால் அந்த நடையும் வெயிலும் நம்மை விட்டுப் போயின. அவற்றை நாமாகத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. அதோடு வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. அதாவது நாளுக்கு அரை மணி நேரம், வாரத்துக்கு 5 நாள். பேச முடியும், பாட முடியாது என்கிற வேகத்தில் நடந்தால் போதும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலைக்குப் போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிற கால்கள் நம்முடையவை. அந்தக் கால்கள் தினமும் 2 கிலோமீட்டர் நடக்காதா? நம் ஆரணியில் கோட்டை மைதானம் இருக்கிறது. காசு கேட்காத பயிற்சிக்கூடம் அது.

தறியிலும் செய்யலாம். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை குழியை விட்டு எழுந்திருங்கள். இடுப்பில் இரண்டு கையையும் வைத்து மெல்லப் பின்னால் சாயுங்கள், 5 முறை. நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திருங்கள், 10 முறை. சுவரில் கை வைத்துத் தண்டால் போல் தள்ளுங்கள், 10 முறை. ஐந்து நிமிடம்தான். கால் மரத்துப் போகிறவர்களும் முதுகெலும்புத் தட்டு விலகியவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது சாப்பாடு. இதைச் சொல்லும்போது மனம் வலிக்கிறது. நாம் நாளெல்லாம் கையில் பிடித்திருக்கும் பட்டு நூல் என்ன தெரியுமா? புரதம். பட்டுப்புழு தன் உடம்பிலிருந்து சுரந்த சுத்தமான புரதம். புரதத்தைக் கையில் வைத்து நெய்கிற நாம், தட்டில் அதை வைக்க மறந்துவிட்டோம். தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் கொஞ்சம் குழம்பு, ஒரு சிட்டிகைப் பொரியல். 2025-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து என்றது. அதே குழு 2023-ல், நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்குச் சொன்னது.

அரிசி ஆலை ஊரில் நின்றுகொண்டு அரிசியைப் பழிக்க நான் வரவில்லை. சோற்றைக் கொஞ்சம் குறையுங்கள். அந்த இடத்தில் காயும் கீரையும் பருப்பும் வரட்டும். நம் ஜவ்வாது மலையில் விளைகிற சாமையை வாரம் இரண்டு நாள் வடியுங்கள். நம் கொல்லையில் விளைகிற மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, 100 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதும். ஒரு கைப்பிடி வேகவைத்த மல்லாட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், கெட்டியான பருப்பு, ஒரு முட்டை, ஒரு டம்ளர் மோர். கணக்கு நெருங்கிவிடும்.

இன்னொன்று, தேநீர். நூல் அறுந்தால் ஒரு டீ, சேலை அறுத்தால் ஒரு டீ. நாளுக்கு 6 டீ, ஒவ்வொன்றிலும் 2 கரண்டி சர்க்கரை என்றால் 50 கிராமை நெருங்கிவிடும். 25 கிராமுக்குள் நிற்பதே நல்லது. டீயை விடச் சொல்லவில்லை. மூன்றாக்குங்கள், சர்க்கரையைப் பாதியாக்குங்கள்.

இனி, இங்கே நிற்கிற தம்பிகளுக்கு. என் அக்கா மகன் ஜிம்முக்குப் போகிறான், பெருமையாக இருக்கிறது. ஒருநாள் மூவாயிரம் ரூபாய்க்குப் புரதப் பொடி டப்பா வாங்கி வந்தான். அவன் அப்பா அன்றுதான் சேலை அறுத்துக் கூலி வாங்கியிருந்தார். அந்தக் கூலியிலிருந்து எடுத்த பணம். தம்பிகளே, 2024-ல் கேரளத்து மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்ஸ் குழுவினர் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய 70 சதவீதப் பொடிகளில் டப்பாவில் எழுதியிருந்த அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. அதே ஆண்டு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் புரதப் பொடி வேண்டாம் என்றே சொல்கிறது. உடம்பை ஊதிக் காட்டுகிற ஊசி, மாத்திரை பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அது கல்லீரலையும் இதயத்தையும் கேட்கும்.

துணைச்சத்தே வேண்டாமா? சிலருக்கு வேண்டும். வெயிலே படாமல் வீட்டுக்குள் நெய்கிறவர்களுக்கு வைட்டமின் டி குறையலாம். பாலும் முட்டையும் கறியும் தொடாதவர்களுக்கு பி12 குறையலாம். நம் பெண்களுக்கு இரும்புச்சத்து குறைவு. ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். துணைச்சத்து சரிகை மாதிரி. பாவும் ஊடையும் உறுதியாக இருந்தால்தான் சரிகை நிற்கும். நடை பாவு, உணவு ஊடை. அவை இரண்டும் நைந்த துணியில் எந்தச் சரிகை நிற்கும்?

நிறைவாக ஒன்று. தறியில் ஓர் இழை அறுந்தால் நாம் என்ன செய்கிறோம்? இரண்டு அங்குலம் தள்ளி நெய்து பார்க்கலாம் என்று விடுகிறோமா? அந்த நொடியே மிதியை நிறுத்துகிறோம். அறுந்த முனையைத் தேடி எடுத்து, பிணைத்து, அச்சில் கோத்து, பிறகுதான் அடுத்த நாடா. அந்த ஒழுங்கை உலகத்தில் வேறு எந்தத் தொழிலாளிக்கும் நாம் சொல்லித்தரலாம். ஆனால் நம் உடம்பில்? தாகம் கூடினால் விடுகிறோம். கால் எரிந்தால் விடுகிறோம். மாடி ஏறும்போது நெஞ்சு இறுகினாலும் "தீபாவளி ஆர்டர் முடியட்டும்" என்கிறோம்.

2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். வருகிற அந்தச் சகோதரியிடம் "அப்புறம் வாம்மா" என்று சொல்லாதீர்கள். மிதியை நிறுத்திவிட்டுக் கையை நீட்டுங்கள்.

என் அப்பா தன் வாழ்நாளில் ஓர் அறுந்த இழையையும் விட்டு நெய்ததில்லை. தன் உடம்பில் அறுந்ததை எல்லாம்தான் விட்டுவிட்டார். அவர் நெய்த சேலை ஒன்று இன்னும் எங்கள் வீட்டுப் பெட்டியில் புதிதாக இருக்கிறது. அதைத் தொடும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, அந்தச் சேலைக்குக் கொடுத்த கவனத்தில் பாதியை அவர் தனக்குக் கொடுத்திருக்கக் கூடாதா என்பதுதான்.

நாளை காலை ஐந்தரை மணிக்குக் கோட்டை மைதானத்தில் நான் நிற்பேன். வாருங்கள், சேர்ந்து நடப்போம்.