கடலடிக் கல்

எட்டயபுரத்துப் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்கள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். கரிசல் மண்ணுக்கு நடுவே இத்துணை வெண்மை எங்கிருந்து வந்தது என்று சிறு வயதில் நான் கேட்டதில்லை. கரிசலுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் உண்டு. கரையோரத்தில் கிளிஞ்சல் உண்டு. இவை போதாவென்று, தூத்துக்குடிக் கரையில் மூன்றாவது பொருளொன்றும் காளவாயில் வெந்தது. அதுவே பவளப்பாறை.

மாணவ நேயர்களே, பாறை என்பது பெயரளவில்தான். கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் சிற்றுயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணத்தைக் கொண்டு கட்டிய வீடு அது. உருண்டைப் பவளம் ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. அதைக் கடப்பாரையால் பெயர்க்க ஒரு காலைப்பொழுது போதும். பெயர்த்த கல் வள்ளத்தில் கரையேறும், காளவாயில் சுண்ணாம்பாகும். அந்தச் சுண்ணாம்பைக் கரியோடு மின்னுலையில் காய்ச்சினால் கார்பைடு கிடைக்கும். கார்பைடில் நீர் பட்டால் எழும் வாயுவைக் கொண்டுதான் இரும்பை ஒட்டுகிறார்கள். ஆக, கணக்கேடும் ஆலைச்சங்கும் உள்ள தொழிற்சாலை ஒருபுறம். பெயர்ப்பதிவோ கூலிச்சீட்டோ இல்லாத மனிதன் கழுத்தளவு நீரில் மறுபுறம். இருவரையும் இணைத்தது ஒரே கல்.

முத்துக்கு மட்டும் என்றும் கணக்கு இருந்தது. பாரைச் சோதித்து, சிப்பி முதிர்ந்ததா என்று பார்த்து, அரசே நாள் குறித்தது. 1961-இல் நடந்த முத்துக்குளிப்பே இக்கரையில் கடைசி. கல்லுக்கு அப்படி நாள் குறித்தவர் எவர்?

முதிய மீனவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "வலையில மீன் படாத நாளுல கல்லுதான் ஐயா சோறு போட்டுச்சு. அப்போ தப்புன்னு யாரும் சொல்லல" என்றார். அவர் கூற்றில் பொய்யில்லை. 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறி, புலிக்குரிய காப்பைப் பெற்றது. நேற்றுவரை பிழைப்பாயிருந்தது இன்று குற்றமாயிற்று. சட்டம் வேண்டியதுதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கல்லோடு கரையேறுபவனைப் பிடிப்பது எளிது. அந்தக் கல் எந்தெந்த உலைக்குச் சென்றது என்று பின்னோக்கித் தேடுவது அரிது. எளியதைச் செய்துவிட்டு நாம் ஓய்ந்துவிடுகிறோம்.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தது. பாறை அலையின் வேகத்தைத் தணிக்கும் என்பதைக் கரையோர மக்கள் அப்போது பேசத் தொடங்கினர். அதன்பின் கல் எடுப்பதும் நின்றது. ஆனால் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் ஏற்கெனவே நீருக்குள் மறைந்துவிட்டன. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான்தீவு 1986-இல் 16 ஹெக்டேர். 2014-இல் ஏறத்தாழ 2 ஹெக்டேர்.

அத்தீவைக் காக்க 2015 முதல் சிமெண்டால் செய்த செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள். சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கல்தான் மூலம். இம்முறை அது நிலத்தில் வெட்டிய கல். முதியவரிடம் இதைச் சொன்னேன். "நாங்க எடுத்தது இனாமாக் கெடந்தது. இவுங்க காசு கொடுத்துல்ல போடுறாங்க" என்று சிரித்துவிட்டு, வலையைத் தைக்கத் தொடங்கினார்.