படித்த பிறகே கையொப்பம்

(சுங்கை சிப்புட்டில் நடைபெற்ற சங்கக் கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



ஒரு காலத்தில் தோட்ட ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டினால், படிக்கத் தெரிந்தவரைச் சுற்றி நம் மக்கள் கூடி நிற்பார்கள். இன்று சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதிக் கணக்கு, கூட்டு ஒப்பந்தம் யாவும் பி.டி.எப். என்னும் கோப்பாக வருகின்றன. சுவர் போய்விட்டது; பிறர் வாயைப் பார்த்து நிற்கும் நிலை போகவில்லை. ஆகவே, கிளைக் கணினியில் இக்கோப்புகளைப் படிக்கும் மென்பொருளை அமைக்கும் விதத்தைச் சொல்லுகிறேன்.

இம்முறையை அடோபி நிறுவனம் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்டது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் அச்சடித்தாற்போல் நிற்பதே இதன் சிறப்பு. 2008-இல் இது அனைத்துலகத் தர விதியாயிற்று. அக்ரோபாட் ரீடர், சுமத்ரா ஆகிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வெறுமனே படிப்பதற்குக் காசும் வங்கி அட்டை எண்ணும் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

முதலாவது, மென்பொருளை அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். இரண்டாவது, நிறுவும்போது வேறு மென்பொருளும் வேண்டுமா என்று கேட்டால், அந்தக் கட்டத்திலுள்ள குறியை நீக்குங்கள். மூன்றாவது, அக்ரோபாட் ரீடரானால் அதன் அமைப்புப் பகுதியில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிடுங்கள். கெட்ட கோப்புகள் நுழையும் வழிகளில் ஒன்று அடைபடும். நான்காவது, இது பலர் புழங்கும் கணினி. உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்து முடித்ததும் அழித்துவிட்டு எழுந்திருங்கள்.

தமிழ்க் கோப்பில் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால், பெரும்பாலும் அனுப்பியவர் எழுத்துருவை உள்ளே பொதியவில்லை என்று பொருள். பொதிந்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். வெறும் படமாகப் பிடித்த பக்கமோ கண்ணுக்குத் தெரியும். தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது.

தேடுவதால் என்ன பயன் என்று கேட்பீர்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில், 2023 ஜனவரி முதல் நாள் தொடங்கி, பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாயிற்று. ஒரு தாய்க்கு 60 நாள்தான் என்று எவரேனும் பழைய பிரதியைக் காட்டினால் என்ன செய்வது? திருத்தப்பட்ட மலாய்ப் பிரதியைத் திறந்து, கண்ட்ரோல் விசையோடு எப் விசையை அழுத்தி, 'பெர்சாலின்' என்று தேடுங்கள். சட்டமே எழுந்து நின்று பேசும்! எந்தப் பிரதியானாலும் அது எந்தத் தேதி வரை திருத்தப்பட்டது என்று முதற்பக்கத்திலேயே பாருங்கள்.

தோழர்களே! 38 நாள் என்பது சிறு கணக்கன்று. பச்சிளங் குழந்தைக்குத் தாய் மடி கிடைக்கும் 38 நாள். அது நம் கையை விட்டுப் போகாதிருக்க வேண்டுமானால், வீட்டுக்கு ஒருவர் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். படித்த பிள்ளைகள் பெற்றோருக்குப் படித்துக் காட்ட வேண்டும். படிக்காத தாளில் ஒருவரும் கையொப்பமிடக் கூடாது.